கடல்மட்டத்துக்குக் கீழே மேயும் மாடுகள்

நெதர்லாந்துக்குச் சுற்றுலா செல்பவர்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களில் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கோய்கன்ஹாஃப் தோட்டத்துத் துலிப் மலர்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு, ஸான்ஸே ஸ்கான்ஸ் காற்றாலைகளையும் எட்டிப் பார்த்துவிட்டுப் பாரிஸுக்கோ பிரஸ்ஸல்ஸுக்கோ ரயில் ஏறிவிடுகிறார்கள். அவையெல்லாம் பார்க்கத் தக்கவைதாம். ஆனால், அந்நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுடைய நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த மூன்று இடங்களும் அதிகம் உதவா. ஆகவே, மே மாதத்தை அங்கே கழிக்கும் வாய்ப்புக் கிடைத்தபோது, தலைநகருக்கு வடக்கே பேம்ஸ்டர் என்னும் தாழ்நிலப் பகுதியின் நடுவில் இருக்கும் மிடன்பேம்ஸ்டர் என்ற சிற்றூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த அம்மையார். கணவரோடு சேர்ந்து நெடுங்காலம் பால் பண்ணை நடத்தியவர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னவர் அவர்தான்.

பேம்ஸ்டர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏரியாக இருந்தது. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பணம் திரட்டி, ஏரியைச் சுற்றிக் கரை எழுப்பி, கரைக்கு வெளியே ஒரு சுற்றுவாய்க்காலை வெட்டி, காற்றாலைகளைக் கொண்டு ஏரி நீரை அந்த வாய்க்காலுக்குள் இறைத்துத் தள்ளினார்கள். ஓர் ஆலையால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மேல் நீரை உயர்த்த முடியாது என்பதால், ஒன்றன் பின் ஒன்றாக ஆலைகளை நிறுத்தி, படிப்படியாக நீரை மேலேற்றினார்கள். மொத்தம் நாற்பத்துமூன்று ஆலைகள் வேலை செய்தன. 1610ஆம் ஆண்டு, வேலை முடியும் தறுவாயில், புயலில் கடலைத் தடுத்து நின்ற கரை உடைந்து ஏரி மீண்டும் நிரம்பிவிட்டது. கரையை மேலும் உயர்த்திக்கொண்டு முதலிலிருந்து தொடங்கி, 1612இல் ஏரியின் அடித்தளத்தை வெளியே கொண்டுவந்தார்கள். முதலீடு செய்தவர்களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான டிர்க் வான் ஓஸும் இருந்தார். அதே கம்பெனிதான் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நம்முடைய பழவேற்காட்டில் கால் ஊன்றியது. மிளகிலும் துணியிலும் ஈட்டிய செல்வம் உள்நாட்டில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பவருக்கு, அதில் ஒரு பகுதி இந்தப் புல்வெளிகளாகக் கிடக்கிறது என்று காட்டலாம்.

வரைபடத்தில் பேம்ஸ்டரைப் பார்த்தால் கட்டம் போட்ட தாள் போலத் தெரியும். சாலைகளும் வாய்க்கால்களும் நேர்கோடுகள். 185 மீட்டர் அகலமும் 930 மீட்டர் நீளமும் கொண்ட வயல்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன் கோல் வைத்து அளந்தபடியே இன்றும் இருக்கின்றன. இந்த ஒழுங்குக்காகவே யுனெஸ்கோ 1999இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. நேரில் போய் நிற்கும்போது முதல் ஒரு மணி நேரம் இது அலுப்பூட்டும் நிலமாகவே தோன்றும் என்பதை மறைப்பதற்கில்லை. மலை இல்லை, மேடு இல்லை, வளைவு இல்லை. பச்சைப் புல், பிரமிடு போலக் கூம்பிய பெரிய கூரைகள் கொண்ட பண்ணை வீடுகள், சாலையோர மரங்கள், அவற்றுக்கு மேலே மிகப் பெரிய வானம். அந்தக் கூரைகளின் அடியில் ஒருகாலத்தில் குடும்பமும் மாடுகளும் ஆண்டு முழுவதற்குமான வைக்கோலும் ஒன்றாக இருந்தனவாம். இப்போது பல வீடுகளில் நகரத்து வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள்.

சுற்றுக்கரையின் மேல் ஏறி நின்ற பிறகுதான் விஷயம் விளங்கியது. ஒருபக்கம் சுற்றுவாய்க்காலில் தண்ணீர் கரையின் தோள்வரை தளும்பி நிற்க, மறுபக்கம் வயல்கள் சில மீட்டர் ஆழத்தில் கிடந்தன. பேம்ஸ்டரின் தரை கடல்மட்டத்துக்குச் சராசரியாக மூன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. வாய்க்காலில் ஒரு படகு போயிற்று. அதில் உட்கார்ந்திருந்தவரின் பாதங்கள், கீழே வயலில் நின்ற மாட்டின் கொம்பைவிட உயரத்தில் இருந்தன. நம்மூரில் ஏரிக்கரை தண்ணீரை உள்ளே நிறுத்திவைப்பதற்காகக் கட்டப்படுகிறது; இங்கே கரைக்குள் இருப்பது ஊர், தண்ணீர் வெளியே. மழை பெய்தாலும், மண்ணுக்கு அடியிலிருந்து ஊற்றாகக் கசிந்தாலும், அந்த நீர் தானாக எங்கும் வடிந்துபோக வழியே இல்லை. அதை யாராவது இறைத்தாக வேண்டும். 1612 முதல் இன்று வரை யாரோ இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்: முதலில் காற்று, பிறகு நீராவி, இப்போது மின்சாரம்.

நீரேற்று நிலையம் ஒன்றைப் பார்க்க ஒரு நாள் மாலை சைக்கிளில் போனேன். செங்கல்லால் கட்டிய, அளவில் நம் பக்கத்துக் கிராம நூலகத்தை ஒத்த கட்டடம் அது. காவலாளி கிடையாது, சுற்றுலாப் பயணி ஒருவரும் இல்லை. வாய்க்கால் வந்து முட்டும் இடத்தில் இரும்புக் கம்பிகளாலான பெரிய சல்லடை இருக்கிறது. அதில் வந்து தேங்கும் பாசியையும் நாணலையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் தானியங்கி வாரி ஒன்று கீழிறங்கி அள்ளி, மேலே கொண்டுவந்து, கான்கிரீட் தரையில் கொட்டிவிட்டு மறுபடி இறங்குகிறது. வாய்க்கால் சுவரில் நட்டிருந்த அளவுகோல் நீர்மட்டத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் காட்டியது. கோடையில் மட்டத்தைச் சற்று உயர்த்தியும், மழைநீர் தேங்க இடம் வேண்டும் என்பதால் குளிர்காலத்தில் சற்றுத் தாழ்த்தியும் வைப்பது வழக்கம். எந்த வயலுக்கு எந்தப் பருவத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்பது முறையான ஆணையாக அறிவிக்கப்பட்டு, ஆட்சேபனை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்க அவகாசமும் தந்து முடிவு செய்யப்படுகிறது. கால்மணி நேரம் அந்த வாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாட்டிலேயே மிகவும் பார்க்க வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், காற்றாலைகளை விட்டுவிட்டு இந்தக் கட்டடத்தைத்தான் சொல்வேன்.

இவற்றை நிர்வகிப்பவை நீர்வாரியங்கள். மத்திய அரசு, மாகாணம், நகராட்சி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க தனி அரசமைப்பு அவை. ரைன்லாந்து வாரியத்துக்கு 1255ஆம் ஆண்டிலேயே பட்டயம் கிடைத்திருக்கிறது. நாடு என்று ஒன்று உருவாவதற்கு முன்பே வாய்க்காலுக்கு நிர்வாகம் இருந்தது. 1950 வாக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த வாரியங்கள், ஒன்றோடொன்று இணைந்து இன்று இருபத்தொன்றாகக் குறைந்துள்ளன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாகாணத் தேர்தலோடு சேர்த்து வாரியத்துக்கும் வாக்களிக்கிறார்கள். விவசாயிகளுக்கும் இயற்கை நிலங்களைப் பராமரிப்பவர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வரியையும் வாரியமே நேரடியாக விதிக்கிறது. வீட்டு அம்மையார் அந்த ஆண்டுக்கான வரிச்சீட்டைச் சமையலறை மேசையில் எடுத்துப் போட்டு, நீர்மட்டப் பராமரிப்புக்கு இவ்வளவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு இவ்வளவு என்று விரலால் வரிவரியாகக் காட்டினார். வரி கட்டுவதில் அவருக்கும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் அது தொகையைப் பற்றிய முணுமுணுப்பு. எதற்காகக் கட்டுகிறோம் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

அவர் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, இலையுதிர் காலத்தில் நடக்கும் வாய்க்கால் சோதனை. தன் நிலத்தை ஒட்டிய ஓடையில் செடிகொடிகளை அகற்றித் தூர் எடுத்து வைத்திருக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. குறித்த நாளில் வாரியத்தின் அலுவலர்கள் வந்து பார்ப்பார்கள். செய்யாதவருக்கு அறிவிப்பு வரும். அதற்கும் அசையவில்லையென்றால் வாரியமே செய்து முடித்து, செலவை அவரிடம் வசூலிக்கும். நம்முடைய குடிமராமத்தை நினைத்துக்கொண்டேன். கொள்கை ஒன்றுதான், அங்கே அது நடுவில் அறுந்துபோகாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. வாரியங்களிடம் நீரெலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட பணியாளர்களும் இருக்கிறார்கள். ரோமத்துக்காக வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட மஸ்க்ராட் என்னும் பெரிய நீரெலி, தப்பிப் பெருகி, கரைகளைக் குடைந்து வளை தோண்டுகிறது. சிறு படகில் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு ஓடை ஓடையாகப் போகும் ஒருவரைப் பார்த்து, மீனவர் என்று நினைத்துக் கையசைத்தேன். அவர் பிடிப்பது மீனல்ல என்று பிறகு அம்மையார் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

கரைகளின் மேல் ஆடுகள் மேய்கின்றன. புல்லைக் கட்டையாகவும் அடர்த்தியாகவும் வைத்திருப்பதோடு, சின்னக் குளம்புகளால் மண்ணை மிதித்து இறுக்குவதும் அவற்றின் வேலை; மாடுகள் கனமானவை, சரிவைச் சிதைத்துவிடும். மாடுகள் கீழே வயல்களில் இருக்கின்றன. அந்த வயல்களுக்கு வேலி கிடையாது, சுற்றி ஓடும் ஓடைதான் வேலி. ஓடையைக் கடந்து வயலுக்குள் நுழைய ஒரு சிறு மண்பாலம் இருக்கும். அதன் மேல் வெள்ளையடித்த மரக் கதவு ஒன்று. கதவின் இருபுறமும் சுவரோ கம்பியோ எதுவும் இல்லை. வெட்டவெளியில் ஒற்றைக் கதவு, அதற்குத் தாழ்ப்பாள், அந்தத் தாழ்ப்பாளைச் சரியாகப் போட்டுவிட்டுப் போகும் விவசாயி! முதல் நாள் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. ஓடையில் சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நிற்கும். நாமக்கோழி, கிடைத்த சுள்ளியோடு சிப்ஸ் உறையையும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். புல்வெளிகளில் கருவால் மூக்கன் நீண்ட அலகோடு நடைபோடும். கோடியக்கரைக்கு வலசை வரும் அதே இனம்தான். ஆனால், டச்சுப் புல்வெளிகளில் குஞ்சு பொரிப்பவை குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்கின்றன. 2015இல் நாட்டின் பறவையாக அதை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஈரமான நிலமும், தாமதமாக அறுக்கப்படும் புல்லும் தேவை. டிராக்டர் இறங்குவதற்காக நிலத்தை நன்றாக வடித்து, முன்கூட்டியே புல் அறுக்கும் பண்ணைகள் பெருகியதால் அதன் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறது. தேசியப் பறவை என்ற பட்டத்தைவிட, புல் அறுப்பதை சில வாரங்கள் தள்ளிப்போடுவது அதற்கு உதவியாக இருக்கும்.

அன்றாட வாழ்க்கையைச் சொல்வதென்றால் சைக்கிளிலிருந்துதான் தொடங்க வேண்டும். செந்நிறத் தார் போட்ட தனிப் பாதைகள் ஊருக்கு ஊர் போகின்றன. சந்திப்புகளில் கம்பம் நட்டு எண் எழுதியிருப்பார்கள். போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு தாளில் குறித்துக்கொண்டால் வரைபடமே வேண்டாம். மேடு இல்லாத நாட்டில் சைக்கிள் மிதிப்பது எளிது என்று நினைத்தது முதல் எதிர்காற்று வரைதான். தடுக்க மரமோ மலையோ இல்லாததால், கடலில் கிளம்பும் காற்று நேரே நெஞ்சில் வந்து மோதுகிறது. நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில், பாட்டி ஒருவர் மின்சார சைக்கிளில் நிமிர்ந்து அமர்ந்தபடி, கூடையில் பூந்தொட்டியோடு என்னைக் கடந்துபோய், மணியடித்து வாழ்த்தும் சொன்னார். மே மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால், ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக மீண்டும் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள்.

மதிய உணவு பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான். சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது பெரும் ஏமாற்றம். எனக்கு ஆறுதல் அளித்தது அங்குள்ள எந்தக் கடையிலும் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் மோர். உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டால் நம்மூர் மோருக்கும் அதற்கும் வேறுபாடு சொல்வது கடினம். அம்மையார் அதை ஒன்றும் சேர்க்காமல் ரொட்டியோடு குடிப்பார். நான் இஞ்சி போட்டுக் கொடுத்ததை ஒருமுறை குடித்துப் பார்த்து, மரியாதைக்காகக் கோப்பையைக் காலி செய்தார். மாலை நேரங்களில் தெருவில் நடந்தால், பெரிய கண்ணாடி ஜன்னல்களில் திரை போடாமல், உள்ளே விளக்கெரிய, முழுக் குடும்பமும் உட்கார்ந்திருப்பது வெளியே தெரியும். யாரும் நின்று பார்ப்பதில்லை. திரை போடாதது ஒழுக்கத்தின் அடையாளம், வெளிச்சம் போதாத நாட்டின் தேவை என்று பலரும் பல காரணம் சொன்னார்கள். எனக்கு எதுவும் முழுதாகத் திருப்தியளிக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே ஓடை இருக்கிறது, தடுப்பு எதுவும் இல்லை. குழந்தைகள் பக்கத்தில் விளையாடுகிறார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டபோது கிடைத்த பதில்: நீச்சல் சான்றிதழ். ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாறு வயதில் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வில் நீச்சல் உடையோடு மட்டும் நீந்தினால் போதாது. சட்டை, கால்சட்டை, காலணியோடு குளத்தில் இறங்க வேண்டும். தவறி விழுகிறவர் உடையோடுதானே விழுவார் என்பதே காரணம். பக்கத்து வீட்டுச் சிறுமி தேர்வு முடிந்து வந்த நாளில், சொட்டச் சொட்ட நனைந்த காலணிகளைப் பெருமையோடு வாசற்படியில் காயவைத்திருந்தாள்.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நகரமன்றக் கட்டடத்துக்குள் மட்டும் அவசியம் போய்ப் பாருங்கள். நாட்டின் எல்லா உயரங்களும் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகின்றனவோ அந்தச் சுழிய மட்டத்தைக் குறிக்கும் வெண்கலக் குமிழ் அங்கே இருக்கிறது. பக்கத்தில் மூன்று கண்ணாடித் தூண்களில் தண்ணீர். இரண்டு, கடலோர ஊர்களான ஐமௌடனிலும் ஃபிளிஸ்ஸிங்கனிலும் அந்த நேரத்து ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், எவ்வளவு என்பதைக் காட்டுகின்றன. மூன்றாவது தூணில் நீர் ஆள் உயரத்தைத் தாண்டி நான்கரை மீட்டருக்கு மேல் நிற்கிறது. 1953ஆம் ஆண்டு வெள்ளத்தின் மட்டம் அது.

நகரத்துக்குத் தென்மேற்கே ஹார்லமர்மேர் இருக்கிறது. பதினெட்டாயிரம் ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி, ஒவ்வொரு புயலிலும் கரையைத் தின்று பெரிதாகிக்கொண்டே வந்ததால், தண்ணீர் ஓநாய் என்று மக்கள் பேர் வைத்திருந்தார்கள். 1836ஆம் ஆண்டுப் புயல்களில் நீர் ஆம்ஸ்டர்டாமின் வாசல்வரை வந்துவிடவே, மூன்று நீராவி எந்திரங்களை நிறுவி, 1849 முதல் 1852 வரை இடைவிடாமல் இறைத்து வற்றச் செய்தார்கள். அவற்றுள் க்ரூக்வியஸ் என்ற எந்திரம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் உருளையின் குறுக்களவு மூன்றரை மீட்டருக்கும் அதிகம். கட்டடத்தைச் சுற்றி எட்டு இரும்புக் கைகள் வெளியே நீண்டு, ஏற்றம் இறைப்பதுபோல மேலும் கீழும் அசைகின்றன. அந்த ஏரியின் அடித்தளத்தில்தான் ஸ்கிபோல் விமான நிலையம் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்குகிறவர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே காலை வைக்கிறார்.

வடக்கே டென் ஹெல்டர் வரை ஒரு நண்பரின் காரில் போனோம். கடற்படைத் துறைமுகம் உள்ள அந்த முனை நகரத்தில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய பிள்ளையார் கோவில் இருக்கிறது. அன்று கோவிலில் அதிகம் பேர் இல்லை. வணங்கிவிட்டு, திருநீற்றோடு வெளியே வந்தால் வட கடலின் காற்று அதை நெற்றியில் நிற்கவிடவில்லை. அங்கிருந்து கிழக்கே அஃப்ஸ்லாய்ட்டைக் என்னும் மூடுகரை தொடங்குகிறது. 1916ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் பொறியாளர் கொர்னேலிஸ் லேலியின் திட்டம் நாடாளுமன்றத்தில் ஏற்கப்பட்டு, முப்பத்திரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் குறுக்கே கரை போட்டு, 1932 மே மாதம் கடைசி இடைவெளியை அடைத்தார்கள். வில்லோ மரக் கிளைகளைப் பாய்போல முடைந்து கடலடியில் அமிழ்த்தி, அதன் மேல் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு எழுப்பியது இது. காரில் போகும்போது ஒருபக்கம் மட்டுமே தண்ணீர் தெரியும். மறுபக்கம் கரையின் முகடு கடலை மறைத்துவிடுகிறது. நினைவுக் கோபுரத்தருகே இறங்கி மேலே ஏறினால், இடப்புறம் ஓதம் ஏறி இறங்கும் உப்புக் கடல், வலப்புறம் முன்பு கடலாக இருந்து இப்போது நன்னீர் ஏரியாகிவிட்ட ஐஸல்மேர்.

இந்தக் கரையைப் பற்றிய பெருமிதம் எங்கும் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் பிழைப்பை இழந்தவர்களைப் பற்றி அறிய என்க்ஹௌஸன், ஊர்க் போன்ற பழைய துறைமுகங்களுக்குப் போக வேண்டும். கடல் அடைபட்டதும் நெத்திலியும் ஹெர்ரிங்கும் வருவது நின்றுபோயிற்று; மீனவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை 1925இலேயே இயற்றியிருந்தாலும், தலைமுறைத் தொழிலுக்கு அது ஈடாகவில்லை. ஊர்க் தீவாக இருந்தது. 1939இல் கரை வந்து சேர்ந்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. அவ்வூர் மக்கள் மீன்பிடித்தலை விடவில்லை, வட கடல் வரை போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பக்கத்திலுள்ள ஸ்கோக்லாந்து இதைவிட விசித்திரமானது. அலையால் அரிக்கப்பட்டு வாழ முடியாமல் போன அந்தத் தீவை 1859இல் அரசே காலி செய்யச் சொல்லிவிட்டது. 1942இல் சுற்றியிருந்த கடல் வற்றி வயலானது. பழைய துறைமுகத்தின் மரக்கட்டைகள் இன்று புல்லுக்கு நடுவே நிற்கின்றன. படகுகளைக் கட்டிவைத்த இடத்திலிருந்து பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை உருளைக்கிழங்குச் செடி.

அந்தப் புது நிலத்தில் யார் குடியேறலாம் என்பதை அரசு நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுத்தது. வேளாண்மை அறிவோடு, மனைவி வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்றுகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! எம்மலோர்ட் என்ற நகரத்தை நடுவில் வைத்து, சைக்கிளில் போய்வரும் தொலைவில் வட்டமாகப் பத்துக் கிராமங்களை அமைத்தார்கள். வீடுகள் கட்டி முடிப்பதற்குள் கார்கள் வந்துவிட்டதால், எல்லாரும் நேரே எம்மலோர்டுக்கே போகத் தொடங்கி, கிராமங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. மண்ணை அங்குலக் கணக்கில் திட்டமிட்டவர்களுக்கும் மனிதர்களை அப்படித் திட்டமிட முடியவில்லை. அதன் தெற்கே, பின்னால் வற்றவைத்த நிலத்தில் விமானத்திலிருந்து நாணல் விதை தூவிச் சேற்றைக் காயவைத்தார்கள். இந்தப் புது நிலங்களை உழும்போது பழங்கப்பல்களின் சிதைவுகள் நானூறுக்கும் மேல் வெளிப்பட்டன. 1986 முதல் அது ஃப்ளேவோலாந்து என்னும் தனி மாகாணம். தலைநகருக்கு லேலியின் பெயர்.

தண்ணீரோடு போராடக் கூடிப் பேசியாக வேண்டியிருந்ததால்தான் டச்சுக்காரர்கள் எதையும் பேசித் தீர்க்கும் இயல்புடையவர்களானார்கள் என்று அங்கே பலரும் சொல்வார்கள்; தொழிலாளரும் முதலாளிகளும் 1982இல் செய்துகொண்ட ஊதிய உடன்பாட்டைக்கூட அந்த மரபில் சேர்ப்பதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீர்வாரியத்தின் பழைய வரலாற்றைப் பார்த்தால் வழக்கும் சண்டையும் ஒருவர் கரையை இன்னொருவர் வெட்டிவிடுவதும் ஏராளம். இன்றும் ஒற்றுமை இல்லை. மேற்குப் பகுதியில் மட்கிய தாவரங்களாலான பீட் மண், வடிக்க வடிக்கக் காற்றுப்பட்டுச் சிதைந்து, சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை அமிழ்கிறது. அமிழ்ந்தால் மறுபடி நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் இன்னும் அமிழும். மரத் தூண்களின் மேல் நிற்கும் பழைய வீடுகளுக்கு, தூணின் தலை நீருக்கு மேலே வந்தால் உளுத்துப்போகும் என்ற கவலை. மட்டத்தை உயர்த்தச் சொல்பவர்களும், டிராக்டர் சேற்றில் புதையும் என்று மறுக்கும் பண்ணைக்காரர்களும் வாரியக் கூட்டங்களில் மோதிக்கொள்கிறார்கள். 2003 ஆகஸ்டில், வறட்சியால் வில்னிஸ் என்னும் ஊரின் பீட் கரை காய்ந்து எடையிழந்து, நகர்ந்து, தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அன்று முதல் மழை பொய்க்கும் கோடைகளில் ஆட்கள் கரைமேல் நடந்து வெடிப்புகளைத் தேடுகிறார்கள். சில இடங்களில் கரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

தென்மேற்கே ஸேலாந்து மாகாணத்தில், 1953 பிப்ரவரி முதல் நாள் விடியலுக்கு முன் பெரும் ஓதமும் வடமேற்குப் புயலும் சேர்ந்து வந்தன. அந்தக் காலத்தில் இரவில் வானொலி ஒலிபரப்புக் கிடையாது. எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. நாடு முழுவதும் 1,836 பேர் இறந்தார்கள். அவ்வர்கெர்க் ஊரில் கடைசி உடைப்பை அடைக்க நவம்பரில் இறக்கிய நான்கு பிரம்மாண்டக் கான்கிரீட் பெட்டகங்களுக்குள்ளேயே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டகத்தின் மணல் தரையில் இறந்தவர்களின் பெயர்கள் ஒளியாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்று முகங்களை அடைக்கும் டெல்டா திட்டம் வந்தது. 1986இல் முடிந்த ஓஸ்டர்ஸ்கெல்டே முகத்துவாரத் தடுப்பை முழுக் கரையாகக் கட்டாமல், சிப்பி வளர்ப்பவர்களும் சூழலியலாளர்களும் போராடியதால், அறுபத்திரண்டு மதகுகளோடு ஓதம் உள்ளே வந்துபோக விட்டுக் கட்டினார்கள். புயலின்போது மட்டும் மதகுகள் இறங்கும்.

பயணத்தின் இறுதியில் மாஸ் ஆற்றின் ஓரமுள்ள ஓவர்டீப்ஸ தாழ்நிலத்துக்குப் போனேன். ஆற்றில் பெருவெள்ளம் வந்தால் மேலே இருக்கும் நகரங்களைக் காப்பாற்ற, இந்த நிலத்தின் கரையைத் தாழ்த்தித் தண்ணீரை உள்ளே விடுவது என்று முடிவானது. அங்கிருந்த பண்ணைக்காரர்கள் தாங்களே ஒரு திட்டம் கொடுத்தார்கள்: கரையை ஒட்டி உயரமான மண்மேடுகள் எழுப்புங்கள், வீட்டையும் தொழுவத்தையும் அவற்றின் மேல் கட்டிக்கொள்கிறோம் என்று. எல்லாருக்கும் அங்கே இடமில்லை. சில குடும்பங்கள் வெளியேற, மற்றவர்களின் பண்ணைகள் இப்போது மேடுகளின் மேல் நிற்கின்றன. கணக்குப்படி, சராசரியாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில் ஆறு புகும். நான் சாலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பண்ணையில் ஒருவர் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மாடுகளை மேலே ஓட்டிக்கொண்டு வந்து உள்ளே கட்டுவோம், தண்ணீர் வடிந்ததும் புல்லை மறுபடி விதைப்போம் என்றார். வெளியேறியவர்களைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் இன்னொரு மாகாணத்தில் பண்ணை வாங்கியிருக்கிறார் என்றும், மற்றொருவர் மாடுகளை விற்றுவிட்டுத் தொழிலையே விட்டுவிட்டார் என்றும் சொல்லிவிட்டுக் குழாயை மீண்டும் திறந்தார்.